நாற்பது பெட்டி, நாற்பத்தொரு பிடி சாமை

1

நான் பார்க்கும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. "கஸ்டம்ஸ் வேலை" என்றால் விறைப்பாகச் சட்டை போட்டுக்கொண்டு ஏர்போர்ட்டில் அடுத்தவர் பெட்டியைக் குடைகிற ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொல்லிமலையில் எங்கள் ஊர்த்தொகுதியான வளப்பூர் நாட்டில் என் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓரமாகக் கூட்டிப்போய், "புடிச்ச தங்கத்தையெல்லாம் என்னதான் பண்ணுவீங்க?" என்று குசுகுசுப்பார். நான் இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்ப்பதெல்லாம் நாற்காலி, மேஜை, கட்டில், மெத்தை, அலமாரி. அவற்றையும் நேரில் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் காகிதத்தில்தான்.

மெல்போர்ன் துறைமுகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் அலுவலகம். கப்பலில் சாமான் வரவழைக்கிறவர்களுக்காகச் சுங்கத்துக்குப் படிவம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். வியாபாரமாகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் வரி. உட்காருவதற்கான சாமான் என்றால் 9401. உட்காருவதற்கில்லாத மற்ற மரச்சாமான் 9403. மெத்தை 9404. நாற்காலி படுக்கையாகவும் மடங்கினால் என்ன எண், மேஜைக்குள் விளக்கு இருந்தால் அது மேஜையா விளக்கா என்று நாள் முழுக்க யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம். என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. "அம்மா, நாற்காலியை நாற்காலி என்று சொல்வதற்கு உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்" என்று அவள் தோழிகளிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தச் சம்பளத்தில்தான் அவள் பல்லுக்குக் கம்பி கட்டினோம்.

போன வாரம் நான் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆனதென்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். முதலாளி பேசும்போது, "இவர் போட்ட எண் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உண்மைதான், எண் திரும்பி வந்ததில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒரு கண்டெய்னரே திரும்பிப் போகப் பார்த்தது. அதை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதில் வெட்கமும் உண்டு, வெட்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாகப் பெருமையும் உண்டு.

2

என் தம்பி சேகர் மலைமேல் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் மரப்பட்டறை வைத்திருக்கிறான். பட்டறை என்றதும் உளியும் கையுமாக ஒரு ஏழைத் தச்சனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுப்பதும் இழைப்பதும் மெஷின்தான். கரண்ட் போனால் ஜெனரேட்டர். மெருகு போட, பொருத்த, பேக்கிங் பண்ண ஆறு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். பட்டறை சேகர் பேரில் இருக்கிறது. அங்கே செல்லுபடியாவது அவன் மனைவி பழனியம்மாளின் பேச்சு.

அவர்கள் செய்வதில் பேர்போனது பலா மரத் தானியப் பெட்டி. முழங்கால் உயரம், தட்டையான மூடி, நல்ல மஞ்சள். காற்றில் சாய்ந்த மரம், காய்ப்பு ஓய்ந்த மரம் இவற்றைத்தான் எடுப்பார்கள். பட்டா நிலத்து மரம்தான் என்பதற்கு ஒரு சான்று, அதை அறுக்க ஒரு அனுமதி, மலையிலிருந்து இறக்க ஒரு சீட்டு என்று தாலுகா ஆபீஸுக்கும் வன அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். பழனி அந்தக் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பத்திரப்படுத்தி வைத்திருப்பாள்.

நான் ஆஸ்திரேலியா வந்தபோது அப்படி ஒரு பெட்டியில்தான் என் புடவைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். இப்போது அது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. வீட்டு அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி எங்கள் அலுவலகத்துக்குப் பழைய வாடிக்கையாளர். தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்திருந்தேன். வந்தவர் சோபாவை விட்டுவிட்டு அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தார், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது, "இது மாதிரி நாற்பது கிடைக்குமா?" என்றார்.

முதல் வேலையாக முதலாளியிடம் போய், இது என் தம்பி பட்டறை, நான் போடுகிற படிவத்தை வேறொருவர் சரிபார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் சேகரைக் கூப்பிட்டேன். நாற்பது பெட்டி வேண்டுமாம் என்றேன்.

"என்ன சேகரு, லைன் கட்டாயிடுச்சா?"

"இல்லக்கா. நாப்பதுன்னு சொன்னியா, நாலுன்னு சொன்னியா?"

இரண்டு மாதத்தில் நாற்பதும் முடிந்தன. லாரி மலையிறங்கிய அன்று சேகர் பைக்கில் அதன் பின்னாலேயே அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வந்திருக்கிறான். "எழுவது வளைவும் பின்னாலயே வந்தேன்க்கா. ஒவ்வொரு வளைவுலயும் கவுறு இறுக்கமா இருக்குதான்னு பாத்தேன்" என்றான். சுங்கக் காகிதத்தில் 'பிறப்பிடம்' என்று ஒரு கட்டம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சொந்த விவரப் படிவத்தில் அப்படி ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு 'கொல்லிமலை' என்று எழுதினேன். அலுவலகத்தில் சிரித்தபடி அடித்துவிட்டு 'இந்தியா' என்று போட்டார்கள். இப்போது பட்டறையின் விலாசத்தோடு, கொல்லிமலை என்ற பேர் அச்சாகவே வந்திருந்தது. அதை யாரும் அடிக்கவில்லை.

எண் போடுவதில் ஒரு சண்டை நடந்தது. கடைக்காரப் பெண்மணி தன் விளம்பரத்தில் அதை 'ஷூ வைக்கும் பெஞ்சு' என்று போட்டிருந்தார். வாசலுக்குள் நுழைந்ததும் அதன்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி உள்ளே போட வேண்டியதுதானாம். முதலாளி, "உட்காருகிறார்கள், அப்படியானால் 9401" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுங்கத்தின் விளக்கக் குறிப்புகளில் துணிப் பெட்டி, ரொட்டிப் பெட்டி எல்லாம் 9403-இல் பேர் சொல்லிப் போட்டிருக்கிறது. ரொட்டி தின்கிறவர்களுக்கு ரொட்டிப் பெட்டி என்றால் சாமை தின்கிற எங்களுக்குத் தானியப் பெட்டி. வைப்பதற்காகச் செய்தது, உட்காருவது மூடி தட்டையாக இருப்பதால். இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தப்படி பிறப்பிடச் சான்று இருப்பதால் இரண்டு எண்ணுக்குமே வரி கிடையாது. "வரியே இல்லாததற்கு ஏன் இந்த மல்லுக்கட்டு?" என்று கேட்டார் முதலாளி. அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. 9403 என்று போட்டுவிட்டேன்.

செருப்பு விஷயத்தைச் சேகரிடம் மறைத்துவிட்டேன்.

3

ஆஸ்திரேலியாவுக்குள் ஒரு விதை, ஒரு பூச்சி, ஒரு சிட்டிகை மண்கூடச் சொல்லாமல் நுழையக் கூடாது. இந்த நாடு அதில் மகா கண்டிப்பு. அதனால் சரக்கோடு பேக்கிங் உறுதிமொழி என்று ஒரு காகிதம் வரும். வைக்கோல், இலைதழை, மரப்பட்டை, மண் எதுவும் இல்லை என்று அனுப்புகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். சேகருக்கு ஆங்கிலம் தகராறு. நான்தான் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினேன்.

"சாமான் அடிபடாம வர உள்ளுக்குள்ள வைக்கோல் கீக்கோல் வெச்சிருக்கறயா?"

"அதெல்லாம் இல்லக்கா. ஸ்பாஞ்சு ஷீட்டுதான் சுத்தியிருக்குது."

"பட்டை, மண்ணு ஒட்டிட்டிருக்குதா?"

"பழனி தொடச்சு வெச்ச பொட்டியில மண்ணு இருக்குமா?"

"வேற எதாவது?"

"வேற என்ன, ஒண்ணுமில்ல."

அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். நான் கோப்பில் சேர்த்தேன். சுத்தமான காகிதம் என்று எனக்கே ஒரு திருப்தி.

4

கண்டெய்னர் வந்த நான்காம் நாள், தாவர விதைச் சோதனைப் பிரிவிலிருந்து போன். மரச்சாமான் என்பதால் திறந்து பார்த்திருக்கிறார்கள். "நீங்களே நேரில் வருவது நல்லது" என்றார் சோதனை அதிகாரி ஹெலன். பல வருஷமாகப் போனில் பழக்கம். அன்றைக்கு அந்தக் குரலில் பழக்கம் இல்லை.

சோதனைக் கொட்டகையில் என் தம்பியின் பெட்டிகள் வரிசையாக மூடி திறந்து நின்றன. சிமெண்டுத் தரையில் அந்த மஞ்சளைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் மேஜை. அதன்மேல் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பெட்டி எண் எழுதிய சீட்டு.

ஹெலன் கையுறை போட்ட விரலால் ஒன்றைப் பிரித்தார். உமி நீங்காத சாமை. ஒரு பிடி.

"நாற்பது பெட்டியிலும் இருக்கிறது. முளைக்கக்கூடிய விதை. உறுதிமொழியில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார். பிறகு பொட்டலக் காகிதத்தைக் காட்டினார். "ஒவ்வொரு காகிதத்திலும் பெரிதாக ஓர் எண் அச்சிட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு. இது என்ன குறியீடு?"

பார்த்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள். தேதி, கிழமை, நல்ல நேரம், ராகு காலம். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஹெலன் சிரிக்கவில்லை.

அவர் நிலைமையைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த விதை என்றால் ஒரு பெட்டியில் இருக்கும், இரண்டில் இருக்கும். எல்லாப் பெட்டியிலும் பொட்டலம் கட்டி வைத்திருந்தால் அது திட்டம் போட்டு மறைத்தது என்றுதான் கொள்ள வேண்டும். அப்படி முடிவானால் மொத்தச் சரக்கையும் எரிப்பார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். அனுப்பியவர் பேர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் ஏறிய பட்டறையிடம் எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார். செம்மேட்டுப் பட்டறையின் முதல் ஏற்றுமதியே கடைசி ஏற்றுமதியாகிவிடும். நாளைக் காலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார்.

காரில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் தானியம் போடுகிற பாத்திரத்தையோ பெட்டியையோ வெறுமனே யார் கையிலும் கொடுப்பதில்லை. இரவல் வாங்கிய சொம்பைத் திருப்பும்போதுகூட அடியில் கொஞ்சம் ஏதாவது கிடக்கும். பதினெட்டு வயசு வரை அதைச் செய்து வளர்ந்தவள் நான். அடிபடாமலிருக்க வைத்ததா, ஒட்டிக்கொண்டதா என்று படிவத்தில் இருந்ததை மட்டும் கேட்டேன். "சாமை போட்டியா?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊர்க்காரி கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஆபீஸ்காரி கேட்காமல் விட்டுவிட்டாள்.

5

சேகரைக் கூப்பிட்டேன். கோபத்தோடுதான்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னியேடா!"

"சாமையவா சொல்றே? நீ அடிபடாம இருக்க வெச்சதான்னு கேட்டே. இது அதுக்கு வெச்சதில்லையேக்கா. புதுப் பொட்டிய வெறும் பொட்டியாவா குடுக்கறது?"

பின்னால் பழனியின் குரல் கேட்டது. போனை வாங்கிவிட்டாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.

"நங்கையா, தப்பாயிடுச்சுங்களா?"

"தப்புதான் கண்ணு. பெரிய தப்பு. எரிச்சாலும் எரிச்சுருவாங்க."

"சாமையவுங்களா?"

"பொட்டியவும்."

அந்தப் பக்கம் இழைப்பு மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ அதையும் நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலாளி போனில் ஒரு புத்தி சொல்லியிருந்தார்: எதை எழுதினாலும் நம் அலுவலகத்தின் தவறு என்று ஒரு வரிகூட எழுதாதே, அது நமக்கே சுருக்காகிவிடும். அவர் சொல்வது நியாயம்தான். தொழிலில் அப்படித்தான்.

யாழினி எதிரே உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். "சாமை என்றால், கடையில் பறவைகளுக்குப் போட வாங்குகிறார்களே, அந்த மாதிரியா?" என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவள் பார்த்த சிறுதானியம் பறவைத் தீனிப் பையில்தான் இருந்தது. அது யார் தப்பு? என் சமையலறையில் பாஸ்மதி அரிசிதான் இருக்கிறது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"ஆமாம், அதைத் தின்றுதான் உங்க அம்மா இவ்வளவு உயரம் வளர்ந்தாள்" என்றேன்.

நான் எழுதியதை வாங்கிப் படித்து ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள். நன்றாகத்தான் திருத்தியிருந்தாள். என் நீள வாக்கியங்களைத் துண்டு துண்டாக்கி, மரியாதையாக, வக்கீல் நோட்டீஸ் மாதிரி. ஒரு இடத்தில் மட்டும் கை வைத்தேன். 'நாங்கள் வெறும் பெட்டியைக் கொடுப்பதில்லை' என்று நான் எழுதியிருந்ததை அவள் 'அனுப்பியவர்களின் வழக்கப்படி அவர்கள் வெறும் பெட்டியைக் கொடுப்பதில்லை' என்று மாற்றியிருந்தாள்.

"அம்மா, நீங்கள் இந்த ஊர் அலுவலகத்தின் சார்பில் எழுதுகிறீர்கள். 'அவர்கள்' என்றால்தான் சரி."

"சரியாக இருக்கலாம். எனக்கு 'நாங்கள்' வேண்டும்."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு பழையபடி மாற்றினாள். நான் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: உறுதிமொழியை நிரப்பக் கேள்வி கேட்டது நான். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டது என் தவறு. முதலாளிக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு போனை அணைத்துவைத்தேன்.

6

காலையில் ஹெலன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் மேஜைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு நல்ல கதை இருக்கும்" என்றார். அதிலும் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நான் மேஜைமேல் இருந்த பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்று குண்டாக இருந்தது. ஒன்று சப்பையாக. ஒன்று நான்காக மடித்தது, ஒன்று கூம்பாகச் சுற்றியது. எனக்கு அந்தப் பட்டறைப் பெண்களின் கைகள் நினைவுக்கு வந்தன. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக் காய்த்த பெரிய கை ஒன்று. பழனியின் கை என் மகள் கையளவுதான் இருக்கும்.

"இதை எடை போடுங்கள்" என்றேன்.

"எதற்கு?"

"கடத்துகிறவர் அளந்து வைப்பார். எங்கள் ஆட்கள் அளக்கமாட்டார்கள். கையில் அள்ளினால் வருவதுதான். ஆறேழு பேர் அள்ளியிருக்கிறார்கள்."

 ஹெலன் சின்னத் தராசை எடுத்து வைத்தார். அவர் ஒவ்வொன்றாக நிறுத்து எடையைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல, அவருடைய உதவியாளர் எழுதிக்கொண்டார். பத்துப் பொட்டலத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது, ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இருந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் போட்டார். கடைசிப் பொட்டலம் முடிந்ததும் உதவியாளர் தாளைப் பார்த்துவிட்டு, "நாற்பத்தொன்று" என்றார்.

"பெட்டி நாற்பதுதானே?"

சீட்டுகளைச் சரிபார்த்தார்கள். பதினேழாம் எண் பெட்டியில் இரண்டு பொட்டலம். ஒருத்தி போட்டது தெரியாமல் இன்னொருத்தியும் போட்டிருக்கிறாள். வெறுமனே போய்விடக் கூடாதே என்ற பதைப்பு இரண்டு பேருக்கும்.

அப்போதுதான் ஹெலன் சிரித்தார். "எத்தனை வைத்தோம் என்றே தெரியாமல் யாரும் கடத்தமாட்டார்கள்" என்றார்.

சாமை முழுவதையும் அழிப்பது, பூச்சி இருந்தால் சாகப் பெட்டிகளைச் சூட்டறையில் வைத்துப் பிறகு விடுவிப்பது, சேகருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம். கண்காணிப்புப் பட்டியல் இல்லை. என் கண்முன்னால்தான் நாற்பத்தொரு பிடியும் சிவப்புப் பைக்குள் போயின. பெட்டி பிழைத்ததில் எனக்கு உயிர் வந்தது, ஆனாலும் அந்தப் பை கட்டப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே காபி எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஹெலன் அவரிடம், எழுதியவரே தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டு தன் மேஜைக்கு வந்த முதல் கடிதம் இது என்று சொன்னாராம்.

7

நாற்பது பெட்டியும் இரண்டு மாதத்தில் விற்றுப்போயின. கடைக்காரப் பெண்மணி இன்னும் அறுபது கேட்டார். சேகரிடம் சொன்னபோது, "சரிக்கா. இனி வெறும் பொட்டியே அனுப்பறேன். பட்டபாடு போதும்" என்றான். பாவம், பயந்துபோயிருந்தான்.

மறுநாள் பழனி கூப்பிட்டாள்.

"நங்கையா, அவுரு சொன்னது அவுரு பேச்சுங்க. பேக்கிங் பண்றது நாங்க. வெறும் பொட்டிக்கு மூடி போட எங்களுக்குக் கை வராதுங்க. ஆறு பேரும் சொல்லிட்டாங்க."

"பழனி, சட்டம் கண்ணு இது. ஒரு தடவை விட்டாங்க. மறுபடியும் பண்ணினா பட்டறையவே மூடற மாதிரி ஆயிரும்."

"அப்ப அந்த ஆர்டரு வேண்டாங்க."

அறுபது பெட்டி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபத்தில், மறைத்துவைத்திருந்ததைப் போட்டு உடைத்தேன். "நீ சாமை போட்டு அனுப்பற பொட்டியில அவங்க என்ன வெக்கறாங்க தெரியுமா? செருப்பு! காலுல போட்ட செருப்பு!"

அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். சிரித்தாள்.

"செருப்பு வெச்சா என்னங்க, அது அவங்க ஊடு. அவங்க என்னமோ வெச்சுக்கறாங்க. நம்ம ஊட்ட விட்டுப் போறப்ப வெறுசாப் போகக் கூடாது. அவ்வளவுதானுங்க நம்ம பாடு."

பதினெட்டு வருஷம் சுங்கச் சட்டம் படித்த எனக்கு இப்படி ஒரு தெளிவு வந்ததில்லை. எண் 9401-ஆ 9403-ஆ என்று வரியே இல்லாத இடத்தில் நான் மல்லுக்கட்டியதும் இதற்காகத்தானே? அங்கே போய் அது என்ன ஆனாலும், புறப்படும்போது அது என்னவாக இருந்தது என்பதை விட்டுக்கொடுக்க எனக்கும் மனசில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் யோசித்தோம். மிளகு? விதை. மஞ்சள்? கிழங்கு. ஒற்றை ரூபாய்? சாமானோடு காசு அனுப்பினால் அதற்கு வேறு தகராறு. துணி வைக்கலாமே என்றேன். "கோடித்துணி சீருக்கு வெக்கறதுங்க. இது சோத்துப் பொட்டி. வாயில போடறது எதாவது இருக்கோணும்" என்றாள்.

"வாயில போடற எல்லாமே செடியில வருது கண்ணு. முளைக்கறது எதுவும் ஆகாதுன்னு சொல்றாங்க."

"முளைக்கறது ஆகாதுங்களா?"

"ஆகாது."



"உப்பு முளைக்குமாங்க, நங்கையா?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் மலையில் சாமை, ராகி, மரவள்ளி, மிளகு, பலா எல்லாம் விளையும். உப்பு மட்டும் கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும். ரோடு வருவதற்கு முன்னால் தலைச்சுமையாகவே ஏறியிருக்கிறது. புது வீட்டுக்குள் முதலில் போவதும் அதுதான். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பழனிக்குத்தான் தோன்றியது.

சேகர் மட்டும் ஒரு குறை சொன்னான். உப்பு ஈரம் குடிக்கும், பலகை கறுத்துப்போகும், கீல் துருப்பிடிக்கும் என்று. அவன் தச்சன், அவன் கவலை அவனுக்கு. கல் உப்பைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடலாம் என்று முடிவானது. காலண்டர் தாள் வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

8

கண்டெய்னர் வருவதற்கு முன்பே படிவத்தைப் போட்டேன். முதல் வரி: மரச்சாமான், தானியப் பெட்டி, 9403, அறுபது. இரண்டாவது வரி: உப்பு, 2501. என்ன நோக்கத்துக்காக என்று ஒரு கட்டம் இருந்தது. விற்பனைக்கா, மாதிரிக்கா, பேக்கிங்குக்கா என்று அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'பெட்டி வெறுமனே கொடுக்கப்படுவதில்லை' என்று எழுதினேன்.

ஹெலன் கூப்பிட்டார். "ஒரு கைப்பிடி உப்புக்குத் தனி வரி போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு சின்ன விஷயத்தை எழுதாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்களே?"

"சின்ன விஷயம் இல்லை. உள்ளே இருக்கிறது, எழுதியிருக்கிறோம்" என்றேன்.

திறந்து பார்த்தார்கள். இந்த முறை யாழினியும் என்னோடு வந்திருந்தாள், பள்ளி விடுமுறை. அறுபது பெட்டியிலும் உப்பு இருந்தது. எதையும் எடுக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குள் முத்திரை போட்டு விட்டுவிட்டார்கள். வாசலில் நின்றபடியே செம்மேட்டுக்குப் போன் போட்டேன். அங்கே காலை, பட்டறை அப்போதுதான் திறந்திருந்தது.

பழனி எடுத்தாள். பெட்டி அடிபடாமல் வந்ததா என்று கேட்பாள், அடுத்த ஆர்டர் எப்போது என்று கேட்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"பாத்துட்டாங்களா நங்கையா?"

"பாத்துட்டாங்க. விட்டுட்டாங்க."

"உப்ப எடுத்து வீசிட்டாங்களா?"

"இல்ல கண்ணு. உள்ளதான் இருக்குது."

"எல்லாத்துலயுமுங்களா?"

"அறுபதுலயும்."

"அப்பச் சரிங்க" என்றாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மற்ற பெண்களிடம் அவள் உரக்கச் சொல்வதும், இழைப்பு மெஷின் ஓடத் தொடங்குவதும் கேட்டது.